இழுத்தால் முன்னே போகும் நாற்காலி

நாற்காலியை வாங்க முதலில் வந்தவர் பின்னால் போய், ஹால் ஓரத்தில் இருந்த துணி துவைக்கும் மெஷினில் மோதினார். இரண்டாவதாக வந்தவரும் அதே மெஷினில்தான் மோதினார். மூன்றாவதாக வந்த அம்மாள் கொஞ்சம் விவரமானவர். பின்னால் போகிறோம் என்று தெரிந்ததும் ஜாய்ஸ்டிக்கை இன்னும் அழுத்தி முன்னால் தள்ளினார். அதனால் மற்ற இருவரையும்விட வேகமாகப் போய் மோதினார்.

"தள்ளாதீங்க, இழுங்க! இழுங்க!" என்று ஒவ்வொரு தடவையும் நாங்கள் மூன்று பேரும் கத்தினோம். நான், என் மனைவி, அத்தை. ஆனால் பயந்துபோன மனுஷனிடம் இழு என்று சொன்னால் இழுக்க மாட்டான். இது எனக்குத் தொழில்முறையாகவே தெரியும். நான் பதினெட்டு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பயிற்சிக் காரில் என் காலுக்குக் கீழே தனியாக ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கத்தில், யார் அந்த நாற்காலியில் பின்னால் போனாலும் என் வலது கால் ஹால் தரையை ஓங்கி மிதித்தது. தரையில் பிரேக் இல்லை. குதிகால் வீங்கியதுதான் மிச்சம்.

நாற்காலி மாமாவுடையது. மாமா என்றால் என் மனைவியின் அப்பா; அத்தை அவள் அம்மா. நான் அவர் வீட்டோடு போய் இருந்துவிட்ட மாப்பிள்ளை. அவர் காலமாகி மூன்று மாதம் ஆகிறது. துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் கிரேனை முப்பது வருஷம் ஓட்டினவர். கிரேனில் லீவரைத் தன் பக்கம் இழுத்தால் பாரம் எழும்பும், தள்ளினால் இறங்கும். அறுபத்தெட்டு வயதில் இடுப்புக்குக் கீழே விழுந்துபோய், இந்த பேட்டரி நாற்காலி வீட்டுக்கு வந்த அன்று, மாமா அதில் உட்கார்ந்தார், ஜாய்ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்தார். நாற்காலி பின்னால் வந்து என் கால் கட்டைவிரல் மேல் ஏறியது.

"வண்டியைத் தப்பா பண்ணி அனுப்பியிருக்கான்," என்றார் மாமா. என் நகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாற்காலியை உத்தரவாதத்தில் பழுது பார்க்கும் மெக்கானிக் வந்தார். உலகம் பூரா இப்படித்தான் சார், தள்ளினால் முன்னால், இழுத்தால் பின்னால் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். "அப்ப உலகம் பூரா தப்பு," என்றார் மாமா. "இழுத்தா வேலை ஆரம்பிக்குது. தள்ளினா வேலை முடியுது. இது கூடவா தெரியாது?" மாற்றித் தந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நிற்க முடியாதவர் என்பதால் உட்கார்ந்தபடியே நின்றார். கடைசியில் மெக்கானிக் பையிலிருந்து கையடக்கமான ஒரு கருவியை எடுத்து நாற்காலியில் சொருகி, நாலு பொத்தானை அமுக்கி, முன்னைப் பின்னாக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளதைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஆறு வருஷத்தில் மாமா எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கீறல்கூடப் போடவில்லை.

நகரும் முன்னால் இரண்டு தடவை ஹார்ன் அடிப்பார். கிரேன் பழக்கம்; கீழே நிற்கிறவர்கள் விலக வேண்டும். நாங்கள் எங்கே விலகுவது? சோபாவில் உட்கார்ந்தபடி காலை மேலே தூக்கிக்கொள்வோம். இரண்டு ஹார்ன், ஆறு கால். பரீட்சைக்குப் படித்த விடை மாதிரி எங்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. கிரேனில் ஷிப்ட் மாறும்போது, வேலை முடித்தவர் சும்மா எழுந்து போய்விட முடியாதாம். அடுத்தவர் ஏணி ஏறி மேலே வர வேண்டும். "கொக்கி காலி, எடுத்துக்கோ" என்று இவர் சொல்ல வேண்டும். அதாவது கொக்கியில் பாரம் எதுவும் தொங்கவில்லை, இனி இது உன் பொறுப்பு. அதைக் காதால் கேட்காமல் அடுத்தவர் அந்த சீட்டில் உட்காரக் கூடாது. மாமா இதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பேப்பர் படித்து முடித்தால் கொக்கி காலி. டிவி ரிமோட்டை வைத்தால் கொக்கி காலி. காலை ஆறு மணி வகுப்புக்கு நேரமாகி, தோளில் துண்டோடு நான் பாத்ரூம் வாசலில் தவித்துக்கொண்டிருப்பேன். கதவு திறக்கும். இரண்டு ஹார்ன் கேட்கும். "கொக்கி காலி, எடுத்துக்கோ," என்றபடி ராஜா மாதிரி வெளியே வருவார்.

அப்படி ஒழுங்காகக் கைமாற்றிக் கொடுத்தும் அவருக்கு உலகத்தில் ஒரு விரோதி இருந்தான். பெயர் எங்களுக்குத் தெரியாது. 'அடுத்த ஷிப்ட்' என்றுதான் சொல்வார். மாமா கிரேன் சீட்டில் முதுகு நேராக உட்காருவார். அடுத்த ஷிப்ட் வந்ததும் சீட்டின் முதுகை இரண்டு பல், அதாவது இரண்டு படி, பின்னால் சாய்த்துவிடுவான். மறுநாள் மாமா நிமிர்த்துவார். அவன் சாய்ப்பான். இருபத்தாறு வருஷம் இதே கதை. எங்கள் வீட்டில் பால் பொங்கினாலும், குழாய் ஒழுகினாலும், யாரோ காலண்டரில் தேதி கிழிக்க மறந்தாலும், "அடுத்த ஷிப்ட் வேலையா இருக்கும்" என்று மாமா பல்லைக் கடிப்பார்.

ஒரு மத்தியானம் ஹால் நடுவில், அந்த நாற்காலியில் இருந்தபடியே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து நாற்காலியிலிருந்து அப்படியே ஸ்ட்ரெச்சருக்குத் தூக்கினார்கள். அவர் திரும்பி வரவில்லை. நாற்காலி அன்றைக்கு எப்படிக் கோணலாக நின்றதோ அப்படியே ஹால் நடுவில் நிற்கிறது. அத்தை அதை நேராக்க விடவில்லை. தினமும் சாயங்காலம் சார்ஜ் மட்டும் போடுவார். "சொல்லாமலே போயிட்டார்," என்று அவ்வப்போது சொல்லிக்கொள்வார். செத்துப்போனவர்களைப் பற்றி எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே என்று நான் விட்டுவிட்டேன்.

விற்றே ஆக வேண்டும் என்ற நிலைமை என் கொழுந்தியாளால் வந்தது. அவள் இருப்பது ரயிலில் ஒரு இரவு தூரத்தில். தலைப்பிரசவம். எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். புருஷனுக்குக் கப்பல் வேலை, இப்போது நடுக்கடலில். "அம்மா எப்ப வருவா?" என்று தினமும் போன். முதல் நாள் கேட்டாள், அப்புறம் கெஞ்சினாள், இப்போதெல்லாம் போனை எடுத்ததும் அழுகிறாள். வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். அத்தையோ மூன்று மாதமாக வாசல்படி தாண்டவில்லை.

"வண்டியை இப்படி நடு ஹாலில் விட்டுட்டு நான் எப்படிப் போறது?"

"நாங்க பாத்துக்கறோம் அத்தை."

"நீங்க பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுவீங்க, மாப்பிள்ளை," என்று என் கட்டைவிரலைப் பார்த்தபடி சொன்னார். நான் மறுக்கவில்லை. பழைய இரும்புக்காரரிடம் ஏற்கெனவே விசாரித்திருந்தேன்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். ஓட்டத் தெரிந்தவருக்குத்தான் கொடுக்க வேண்டும், வண்டி இருக்கிறபடியே ஓட்ட வேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிட்டு மாற்றிவிடலாம், இரண்டு நிமிஷ வேலை என்று நானும் மனைவியும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். "மாத்தினா அவர் சொன்னது தப்புன்னு நாமளே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்," என்றார் அத்தை. அதோடு பேச்சு முடிந்தது.

மூன்றாவது மோதலுக்குப் பிறகு நான் விளம்பரத்தைத் திருத்தி எழுதினேன். "முன்னால் தள்ளினால் பின்னால் போகும். பின்னால் இழுத்தால் முன்னால் போகும். மற்றபடி நல்ல நிலை." அன்று முதல் போன் ஓயவில்லை. பிரேக் போட்டால் வேகம் கூடுமா என்று ஒருவர் கேட்டார். ஐஸ் விற்கும் வண்டிக்கு மோட்டார் மட்டும் கழற்றித் தருவீர்களா என்று ஒருவர் கேட்டார். "சார், நாற்காலியில திரும்பி உக்காந்துக்கிட்டா சரியா வந்துடுமா?" என்று கேட்டவரை நான் திட்டவில்லை. ஒரு நிமிஷம் அதைப் பற்றி யோசிக்கக்கூடச் செய்தேன். அந்த அளவுக்கு ஆகியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார். நிதானமானவர். "இழு, இழு" என்று முணுமுணுத்துக்கொண்டே அரை மணி நேரம் ஹாலுக்குள் அழகாக ஓட்டினார். அத்தையின் முகம்கூடக் கொஞ்சம் தெளிந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ காலிங் பெல்லை அடித்தார்கள். பெல் அடித்தால் தபால்காரர் திடுக்கிட வேண்டிய அவசியமே இல்லை. ஆயுசு பூரா அவர்தான் அடித்திருக்கிறார். ஆனாலும் திடுக்கிட்டார், தள்ளிவிட்டார். மெஷினின் கதவு அன்றோடு கழன்றது.

ஒவ்வொருவர் போன பிறகும் அத்தை நாற்காலியின் பக்கத்தில் நின்று, இரண்டு விரலால் ஜாய்ஸ்டிக்கை மெல்ல இழுத்து, அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து அதே கோணலில் நிறுத்துவார். அளவெடுத்த மாதிரி நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புதன்கிழமை காலை கொழுந்தியாள் போனில் கெஞ்சவில்லை. அழவும் இல்லை. "சரி, விடுங்க அத்தான். அம்மா வரமாட்டா," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அத்தை குளிக்கப் போன சமயம் பார்த்து நான் மெக்கானிக்கை வரவழைத்தேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்."

அவருக்கு நான் புளுகுவது தெரிந்தது. ஆனால் ஆறு வருஷமாக அவரும் மாமாவிடம் பேச்சு வாங்கினவர். கருவியைச் சொருகினார், நாலு பொத்தானை அமுக்கினார், போய்விட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து மெல்லத் தள்ளினேன். புத்தியுள்ள வண்டி மாதிரி முன்னால் போனது. ஒரு பெரிய வழக்கில் ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு. எதிராளி திருப்பிப் பேச முடியாத இடத்துக்குப் போய்விட்டான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்பதற்குள் நாற்காலியை அதே கோணலில் நிறுத்திவிட்டேன்.

பத்து மணிக்கு ஒரு பெண் போன் செய்தாள். "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வர்றேன் சார். விளம்பரத்துல போட்டிருக்கிற மாதிரியேதானே இருக்கு?"

"அதைவிட நல்லா இருக்கும்மா," என்றேன்.

வந்தார்கள். எழுபது தாண்டிய, தோள் அகன்ற மனிதர். மகள் அவரைச் சாதாரணச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். தள்ளப்படுவது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்பது கடுகடுவென்ற அவர் முகத்திலேயே தெரிந்தது. எட்டு மாதமாகத் தனியாக எங்கும் போகவில்லை என்றாள் மகள். மூன்று கடையில் ஏறி இறங்கி எல்லா பேட்டரி நாற்காலியையும் பார்த்தாகிவிட்டது. எதில் உட்கார வைத்தாலும் கண்டபடி ஓட்டுகிறார், ஒரு கடையில் கண்ணாடியே போய்விட்டது.

"நான் கண்டபடி ஓட்டல. வண்டி கண்டபடி ஓடுது," என்றார் அவர்.

மகளும் நானுமாக அவரை மாமாவின் நாற்காலிக்கு மாற்றி உட்கார வைத்தோம். என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நான் செய்த காரியம் தெரியாது. "சார், ஒண்ணும் பயமில்ல, மெதுவா முன்னால தள்ளுங்க," என்று வகுப்பில் சொல்கிற குரலில் ஆரம்பித்தேன். அவர் நான் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஹார்ன் அடித்தார். இரண்டு தடவை.

நான் காலைத் தூக்கிக்கொண்டேன். நின்றுகொண்டிருந்ததால் ஒரு காலைத்தான் தூக்க முடிந்தது. சமையலறை வாசலில் என் மனைவியும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். உள் அறையில் அத்தை ஏதோ துணி மடித்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது.

அவர் ஜாய்ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்தார். நாற்காலி பின்னால் போய் மெஷினில் மோதியது.

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவுமா," என்றார் மகளிடம். அந்தக் கடுகடுப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு நம்பிக்கையோடு வந்த மனுஷன்.

அத்தை வேகமாக வந்தார். "தள்ளாதீங்கய்யா, இழுங்க."

"இழுத்தேன்மா."

அத்தை குனிந்து தன் இரண்டு விரலால் ஜாய்ஸ்டிக்கை இழுத்தார். நாற்காலி மெஷினை இன்னும் ஒரு நெட்டு நெட்டியது. விரலை எடுத்தார். நிமிர்ந்து, அவரைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை."

குட்டு வெளிப்பட்டது. "ரெண்டு நிமிஷ வேலைதான் அத்தை," என்று அசடு வழிந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அத்தை திட்டவில்லை. என் மனைவி பார்த்த பார்வையில் நான் இன்னும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருப்பதை உணர்ந்து கீழே வைத்தேன்.

அத்தை அந்த மனிதரிடம் திரும்பினார். "நீங்க ஏன் ரெண்டு தடவை ஹார்ன் அடிச்சீங்க?"

"கீழே ஆள் இருப்பாங்களேம்மா."

"எந்தக் கிரேன்?"

"மூணாம் நம்பர்."

"எத்தனை வருஷம்?"

"எல்லாமா இருபத்தெட்டு."

அத்தை மெஷினைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த ஷிப்டா நீங்க?"

அவர் சுற்றிலும் பார்த்தார். சுவரில் மாலையோடு மாமாவின் போட்டோ இருந்தது. பார்த்ததும் நாற்காலியின் கைப்பிடிகளிலிருந்து இரண்டு கையையும் சூடு பட்ட மாதிரி எடுத்துக்கொண்டார்.

"இது அவன் சீட்டா? என்னை எறக்கு."

"அப்பா—"

"எறக்குன்னா எறக்கு! அவன் இன்னும் குடுக்கல."

"அவர்தான் இல்லியேப்பா," என்றாள் மகள்.

"இல்லாட்டி என்ன? சொல்றதுக்கு முன்னாடி உக்காரக் கூடாது. இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள் நான் அப்படி உக்காந்தது கெடையாது. இப்ப அவன் இல்லாத நேரம் பாத்து ஏறி உக்காந்தேன்னு ஆகணுமா?"

நடக்க முடியாத ஒருவர், தனக்குத் தேவையான ஒரே நாற்காலியிலிருந்து இறக்கிவிடச் சொல்லி எங்கள் ஹாலில் கத்தினார். இறக்கினோம். என் இடுப்பு பிடித்துக்கொண்டது. "வேற எதாவது பாத்துக்கலாம், கெளம்பு," என்றார் மகளிடம். அத்தை குறுக்கே வந்து நின்றார்.

"நீங்க எங்கயும் போகக் கூடாது. மாப்பிள்ளை, மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டு வாங்க."

மெக்கானிக் போனை எடுக்கவில்லை. பயிற்சிக் காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் கடைக்குப் போனேன், அங்கே சொன்ன வீட்டுக்குப் போனேன். ஒரு நோயாளிக் கட்டிலுக்கு அடியில் படுத்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் அவர் காலைப் பிடித்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, காலைத்தான் பிடித்தேன். மற்ற பாகமெல்லாம் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

"காலையிலதானே சார் மாத்திக் குடுத்தேன்?"

"திரும்பவும் மாத்தணும்."

"எதுக்கு?"

"உலகம் பூரா தப்பாம்," என்றேன்.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தை சோபாவில் அந்த மனிதருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசினார்கள் என்பதைவிட, ஒரு பழைய தகராறை விசாரித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லலாம்.

"சீட்டைக் கம்பி வச்சுக் கட்டினது நீங்கதானே?"

"அது அவன். நான் கம்பியை வெட்டினேன். நெட்டுக்குத்தா உக்காந்தா எனக்கு முதுகு விட்டுப்போயிடும்மா. அது அவனுக்குப் புரியாது."

"அவருக்குச் சாஞ்சா தூக்கம் வந்துடும். அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எங்க பேசினோம்?" அவர் தரையைப் பார்த்தார். "தினம் ஒரே பேச்சுத்தான். கொக்கி காலி, எடுத்துக்கோம்பான். நான் பதில் சொல்ல மாட்டேன். சீட்டுக் கோபம். அவன் ரிட்டயர் ஆன அன்னிக்கும் அதையேதான் சொன்னான். மறுநாள் வர மாட்டான்னு எனக்கு யாரும் சொல்லல. சீட்டைச் சாய்ச்சுட்டு வேலையைப் பாத்தேன்."

மெக்கானிக் கருவியைச் சொருகி, நாலு பொத்தானை அமுக்கினார். முன் மறுபடி பின்னானது. அத்தை இரண்டு விரலால் இழுத்தார். நாற்காலி முன்னால் வந்தது. ஹால் நடுவுக்குக் கொண்டுபோய் அதே கோணலில் நிறுத்தினார்.

"சரி, உக்காருப்பா," என்றாள் மகள்.

அவர் அசையவில்லை. காலி நாற்காலியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், மறுபடி நாற்காலியைப் பார்த்தார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. என் மனைவிக்கு விளங்கிவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அத்தை நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "அவசரம்," என்றார். "ஆம்புலன்ஸ்காரங்க அப்படியே தூக்கிட்டாங்க. இல்லேன்னா சொல்லியிருப்பார். ஒரு நாளும் சொல்லாம எந்திரிச்சதில்ல. சொல்லாமலே போயிட்டார்."

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. மூன்று மாதமாக என் காதுபடச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் இரண்டு நிமிஷ வேலையைப் பற்றி அவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கத்தில் நின்ற இடத்திலேயே குறுகிப்போனேன்.

"தெரியும்மா," என்றார் அவர். "அவனால முடியாட்டி, அவனுக்காக வேற ஆள் சொல்லலாம். அப்படியும் உண்டு. ஆனா சொன்னாத்தான்."

அத்தை குனிந்து நாற்காலியை ஒருமுறை பார்த்தார். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார். கொக்கி இருந்தால் அங்கேதான் இருக்கும். மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"கொக்கி காலி," என்றார். நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்துவிட்டு மிச்சத்தையும் சொன்னார். "எடுத்துக்கோங்க."

"எடுத்துக்கிட்டேன்," என்றார் அவர்.

இருபத்தாறு வருஷப் பாக்கி அது. என் மனைவி வாய்விட்டு அழுதாள். நானும்தான் அழுதேன், மறைக்க ஒன்றும் இல்லை. அந்த மனிதரோடு எனக்கு என்ன உறவு? என் விரல் நகத்தைப் பெயர்த்த மாமாவுக்காகத்தான் அழுதேன். இறந்தபோது வராத அழுகை.

அவரைத் தூக்கி உட்கார வைத்தோம். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஜாய்ஸ்டிக்கின் மேல் வைத்தார். இரண்டு ஹார்ன். அத்தை சோபாவில் உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொண்டார். என் மனைவி தூக்கினாள், நான் தூக்கினேன், ஆறு வருஷமாக வந்துபோகிற மெக்கானிக்கும் தூக்கினார். ஒன்றும் புரியாமல் அவர் மகளும் தூக்கினாள். அவர் இழுத்தார். நாற்காலி முன்னால் போனது. மெஷினை ஒரு முழம் விட்டு ஒதுங்கி, வாசல் நிலையில் இரண்டு பக்கமும் சம இடைவெளி விட்டு, சாய்தளத்தில் இறங்கி, கேட்டுக்குப் போனது. பதினெட்டு வருஷத்தில் என்னிடம் படித்தவர்களில் ஒருத்தரும் அப்படி ஒரு வளைவு எடுத்ததில்லை.

"காரில் ஏத்திக்கலாம்பா," என்று மகள் பின்னாலேயே ஓடினாள். மூன்று கிலோமீட்டரும் ஓட்டிக்கொண்டேதான் வருவேன், நீ வேண்டுமானால் பின்னால் வா என்றார் அவர். மகள் கொண்டுவந்திருந்த பண உறையை அத்தையின் கையில் திணித்தாள். அத்தை அதைப் பிரிக்காமலே என் மனைவியிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார். வாசல்படியைத் தாண்டினார். சாய்தளத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மூன்று மாதத்துக்குப் பிறகு கேட் வரைக்கும் நடந்து போனார். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

கேட்டுக்கு வெளியே நாற்காலி நின்றது. அந்த மனிதரின் கை சீட்டுக்கு அடியில் எதையோ தேடியது. கடக், கடக். நாற்காலியின் முதுகு இரண்டு பல் பின்னால் சாய்ந்தது. அவர் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு ஹார்ன் அடித்துவிட்டுத் தெருவில் இழுத்துக்கொண்டு போனார். மகளின் கார் விளக்கைச் சிமிட்டியபடி பின்னாலேயே நத்தை வேகத்தில் ஊர்ந்தது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை!" அத்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "தெரு முனை தாண்டல, அதுக்குள்ள சாய்ச்சுட்டான் பாருங்க! அவர் சொன்னது அத்தனையும் நெஜம்!"

தெருமுனையில் நாற்காலி திரும்பி மறையும் வரை நின்று பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பரண் மேல பெரிய பெட்டி இருக்கும், எறக்குங்க. வெள்ளிக்கிழமை வண்டி எத்தனை மணிக்கு?"